ஓடிப்போன நாயின் தடத்தில் ஒரு ஜியோகேச்: வரிசை தவறாமல் அமைக்க முழு வழிகாட்டி

ஒரு நாய் ஓடிப்போகிறது. அது போன வழியை ஜிபிஎஸ் வைத்துப் பின்தொடர வேண்டும். அது நின்ற இடங்களில் எண்களைச் சேர்த்து, அந்த எண்களால் கடைசி இடத்தைக் கணக்கிட்டு, அங்கே ஒளித்து வைத்திருக்கும் பெட்டியை எடுத்து லாக்புக்கில் பெயர் எழுத வேண்டும். ஜிபிஎஸ் வைத்துப் பெட்டி தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்காக நான் அமைத்த ஜியோகேச் இதுதான். இடம் சிங்கப்பூர். ரயில் காரிடார் என்று எல்லாரும் சொல்லும் பழைய ரயில் பாதையில், புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் தொடங்கி வடக்கே ஹில்வியூ பக்கம் வரை சுமார் 3 கிலோமீட்டர். கதையில் வரும் நாயின் பெயர் முறுக்கு. வால் அப்படிச் சுருண்டிருக்கும்.

அதற்குப் பிறகு சிலர் இதேபோல் அமைக்கும்போது கூடவே இருந்து பார்த்தேன். எல்லாரும் ஒரே இடத்தில்தான் சிக்கினார்கள். கதையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு இடம் தேடிப் போனார்கள். கதையில் ஓடை வருகிறது, வழியில் ஓடை இல்லை. கதையில் பெட்டி பாலத்தடியில் இருக்கிறது, பாலத்தடியில் பெட்டி வைக்கவே கூடாது. கீழே உள்ள வரிசை நேர் எதிரானது. பெட்டிக்கு இடம் முதலில், பிறகு வழி, பிறகு எண்கள், கதை அதற்கும் பிறகு.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் நீங்கள் குறைந்தது 20 கேச்களாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். ஜியோகேச்சிங் தளம் சொல்லும் பரிந்துரை இது. மோசமான பெட்டி மழையில் என்ன ஆகும், குழப்பமான குறிப்பு ஆளை எப்படிச் சுற்றவிடும் என்பதெல்லாம் தேடிப் போனால்தான் தெரியும்.

இரண்டாவது, நீங்கள் அடிக்கடி போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். விடுமுறைக்குப் போன ஊரில் பெட்டி வைத்துவிட்டுத் திரும்புவதை விதிகள் ஏற்பதில்லை. எனக்கு அந்தப் பாதைக்குப் போய்ச் சேர ரயிலில் அரை மணி நேரம்.

கையில் ஒரு போன், முடிந்தால் தனி ஜிபிஎஸ் கருவி, ஒரு நோட்டுப் புத்தகம், மூன்று நான்கு வார இறுதிகள். ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தவர்கள் யாரும் முடித்ததில்லை.

2. பெட்டிக்கு இடம் பாருங்கள்

கடைசி இடம் நிச்சயமாகாமல் வேறெதையும் தொடாதீர்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் பின்னோக்கி வரும்.

உங்கள் பெட்டிக்கும் இன்னொரு கேச்சின் பெட்டிக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. புதிர் கேச்களின் உண்மையான இடம் வரைபடத்தில் தெரியாது. வெறுமையாகத் தெரிகிற இடத்தில் ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கலாம். அதனால் ஜியோகேச்சிங் தளத்தில் உங்கள் கேச்சுக்கான பக்கத்தை உருவாக்கி, உத்தேச இடத்தை மட்டும் போட்டு, "இந்த இடம் காலியா?" என்று கேச்சைச் சரிபார்த்து வெளியிடும் ரிவ்யூவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இதைச் செய்யாமல் எல்லா எண்களையும் போட்டு முடித்து, கடைசியில் 90 மீட்டரில் இன்னொரு பெட்டி இருப்பது தெரிந்து முழுவதையும் மாற்றிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

அடுத்தது அனுமதி. ரயில் காரிடாரில் பெரும்பகுதியைத் தேசியப் பூங்காக் கழகம் பராமரிக்கிறது. நிலம் யாருடைய பொறுப்போ அவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும். வரைபடமும், பெட்டியின் படமும், எப்படி வைக்கப்போகிறீர்கள் என்ற விவரமும் சேர்த்து அனுப்பினால் அவர்கள் முடிவு செய்வது எளிது. பதில் வரும்வரை காத்திருங்கள். இயற்கை வனப்பகுதிக்குள் பாதையை விட்டு ஆட்களை இழுக்கும் இடம் எதையும் கேட்காமலே இருப்பது நல்லது. ஒரே மாதத்தில் அங்கே புல் மிதிபட்டுப் புதுத் தடம் விழுந்துவிடும்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்: எம்ஆர்டி நிலையம், பள்ளிச் சுவர், பாலத்தின் அடிப்பகுதி, விளையாட்டுத் திடல். யாரோ ஒருவர் குனிந்து எதையோ ஒளித்து வைக்கிறார் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றினால் அவர்கள் போலீசை அழைப்பார்கள், அழைக்கவும் வேண்டும்.

நாய்க் கதை என்றதும் எல்லாருக்கும் வரும் ஒரு ஆசை இருக்கிறது. நாய் எலும்பைப் புதைத்த மாதிரி பெட்டியைப் புதைத்துவிடலாம் என்று. வேண்டாம். நிலத்துக்குப் பொறுப்பானவர்களின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டுவது விதிக்கு எதிரானது. ஒருவர் தோண்டி ஒளித்தால் அடுத்து வருபவர்கள் பத்து இடத்தில் தோண்டுவார்கள். மரத்தில் ஆணி அடிப்பதும் அப்படியே.

3. நாயின் கண்ணால் ஒரு முறை நடங்கள்

இரண்டு முறை நடக்க வேண்டும். முதல் நடையில் நோட்டும் எண்ணும் வேண்டாம். நாய் இந்த வழியில் எங்கே நிற்கும் என்பதை மட்டும் பாருங்கள்.

காணாமல் போன நாய்கள் கண்டபடி ஓடுவதில்லை. இடிச் சத்தத்தில் மிரண்டு முதலில் நேராக ஓடும். பிறகு வேலி, வாய்க்கால், பழைய தண்டவாளம் போன்ற நீளமான ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போகும். தண்ணீர் தேடும். சாப்பாட்டு வாசனைக்குத் திரும்பும். பகலில் புதருக்கடியில் பதுங்கி, ஆள் நடமாட்டம் குறைந்ததும் கிளம்பும். பல நாய்கள் பழகிய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். வீடு மாறியவர்களின் நாய் பழைய வீட்டு வாசலில் போய் நிற்பதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

எனக்குக் கதை கிடைத்தது இங்கேதான். பழைய ரயில் பாதை நீளமானது, ஒரு முனையில் தொடங்கி இன்னொரு முனையில் முடிவது. வட்டமாகச் சுற்றி வந்து சேரும் கதை அதற்குப் பொருந்தாது. அப்படியானால் முறுக்கு ஓடிப்போகவில்லை, தன் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இடம் அந்தக் கதையைச் சொன்னது. நான் எழுதிக்கொண்டேன்.

நான்கு நிறுத்தங்கள் போதும். மிரண்ட இடம், தண்ணீர் குடித்த இடம், சாப்பாட்டு வாசனை பிடித்த இடம், இரவில் பதுங்கிய இடம். ஆறு ஏழு என்று வைத்தால் குழந்தைகள் மூன்றாவதிலேயே களைத்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் வெயிலில் பெரியவர்களும்தான்.

4. எந்த வகை

பல நிறுத்தங்கள் வழியாகப் பெட்டிக்குப் போகும் மல்டி கேச் என்ற வகையே இதற்குப் பொருத்தம். நிறுத்தங்களில் பெட்டி எதுவும் வைக்காமல், ஏற்கெனவே அங்கே இருப்பதைப் பார்த்து எண்ணச் சொல்லலாம். அப்படிப்பட்ட நிறுத்தத்துக்கு 161 மீட்டர் விதி கிடையாது. தொலைந்துபோகவும் எதுவும் இல்லை.

மிஸ்டரி என்ற புதிர் வகையில் வீட்டிலேயே புதிரை முடித்துவிட்டு நேராகப் பெட்டிக்கு வந்துவிடுவார்கள், நாய் போன வழியை யாரும் நடக்க மாட்டார்கள். செயலியில் கேள்விக்கு விடை சொல்லி விளையாடும் அட்வென்ச்சர் லேப் நல்லதுதான், ஆனால் அதில் பெட்டி கிடையாது. இந்தக் கதைக்குப் பெட்டி வேண்டும். ஏன் என்று 7-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

5. எண்களைப் பின்னோக்கி அமையுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

ஜியோகேச்சில் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவை டிகிரியும் தசம நிமிடமுமாக (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்) எழுதுவார்கள். எடுத்துக்காட்டுக்கு, வடக்கு 01° 21.374, கிழக்கு 103° 46.058. பாதை முழுவதும் டிகிரி மாறாது, நிமிடமும் கிட்டத்தட்ட மாறாது. அவற்றை நேராகக் கொடுத்துவிடுங்கள். மறைக்க வேண்டியவை புள்ளிக்குப் பின்னால் உள்ள ஆறு எண்கள் மட்டுமே. ஆறுக்கும் எழுத்து நம்மிடம் தயாராக இருக்கிறது: க, ச, ட, த, ப, ற. வடக்கு 01° 21.கசட, கிழக்கு 103° 46.தபற. வல்லினத்தை வரிசையாகச் சொல்லத் தெரிந்த குழந்தை வரிசையை மாற்றவே மாற்றாது.

இனி முக்கியமான ஒன்று. அந்த ஆறும் ஒரே எடை கொண்டவை அல்ல. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் சிங்கப்பூரில் வடக்கு, கிழக்கு இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். ஆகவே க-வில் ஒன்று தப்பினால் ஆள் 185 மீட்டர் தள்ளிப் போவார். ச-வில் தப்பினால் 18 மீட்டர். ட-வில் தப்பினால் 2 மீட்டருக்கும் குறைவு. த, ப, ற மூன்றும் இப்படியே.

இதிலிருந்து வரும் விதி எளிது. கல்லில் பொறித்த ஆண்டு, இரும்பில் வார்த்த எண் போன்ற அசைக்க முடியாத விடைகளைக் க-வுக்கும் த-வுக்கும் கொடுங்கள். தூண்களை எண்ணுவது, படிகளை எண்ணுவது போல ஒன்று கூடக் குறையத் தோன்றும் விடைகளை ட-வுக்கும் ற-வுக்கும் கொடுங்கள். தப்பாக எண்ணினாலும் பெட்டி கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும். புதிதாக அமைப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். முதல் நிறுத்தம் என்பதற்காக முதல் எழுத்துக்குப் படியை எண்ணச் சொல்கிறார்கள்.

இரண்டாவது நடை இப்போது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணாக மாறக்கூடிய அத்தனையையும் படம் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். அங்கே 8 கிடைக்கிறது, உங்களுக்கு வேண்டியது 3 என்றால், "கிடைத்த எண்ணிலிருந்து 5-ஐக் கழிக்கவும்". அவ்வளவுதான். பெருக்கல், வகுத்தல் வேண்டாம். ஒரு நிறுத்தத்தின் விடையை இன்னொரு நிறுத்தத்தின் கணக்குக்குள் நுழைக்கவும் வேண்டாம். தனித்தனியாக இருந்தால், ஒரு பலகை பிடுங்கப்படும்போது ஒரு கேள்வியை மட்டும் மாற்றினால் போதும்.

எண்ணக் கூடாதவை: தற்காலிக அறிவிப்புகள், பூந்தொட்டிகள், குப்பைத்தொட்டிகள், வண்ணம் பூசி அழியக்கூடிய எழுத்து. வீட்டிலிருந்தே சொல்லக்கூடிய விடையும் கூடாது. என் முதல் கேள்வி, ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் எத்தனை எழுத்து என்பது. "புக்கிட் தீமா"வுக்குப் பத்து எழுத்து என்று சொல்ல அங்கே போக வேண்டியதே இல்லை. மாற்றிவிட்டேன்.

கடைசியாக, ஆறு எண்களின் கூட்டுத்தொகையைப் பக்கத்தில் கொடுங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் 3+7+4+0+5+8 = 27. கூட்டுத்தொகை சரியாக வராவிட்டால் அவர்கள் பாதையிலேயே நின்று மறுபடி பார்ப்பார்கள், புதருக்குள் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டு எண்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. அதற்குச் செர்டிட்யூட் போன்ற விடை சரிபார்க்கும் தளத்தின் இணைப்பையும் சேர்த்துவிடுங்கள்.

6. இடத்தை அளப்பது

திறந்த வெளியில் நல்ல போன் 3 முதல் 5 மீட்டர் துல்லியம் தரும். அடர்ந்த மரத்தடியில் பத்து மீட்டரும் அதற்கு மேலும் தப்பும். பெட்டி இருக்கும் இடம் பெரும்பாலும் மரத்தடிதான். அதனால் மூன்று வேறு நாட்களில், ஒவ்வொரு முறையும் போனை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து அளவெடுங்கள். ஒன்று மட்டும் விலகி இருந்தால் அதை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். பிறகு 30 மீட்டர் பின்னால் போய், இரண்டு திசைகளிலிருந்து அந்த எண்ணை நோக்கி நடந்து பாருங்கள். கைப்பேசி வரைபடத்தில் விரலால் தொட்டு எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். மரக் கூரைக்கு மேலிருந்து எடுத்த படத்தில் அடிமரம் எங்கே என்று தெரியாது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை ஆயத்தொலைவை எழுதும் வடிவத்தில் வருகிறது. பல வரைபடச் செயலிகள் 1.356° என்று தசம டிகிரியாகக் காட்டும். அதைத் தசம நிமிடமாக மாற்றினால் 01° 21.360. மாற்றாமல் 01° 35.6 என்று எழுதினால் இடம் 26 கிலோமீட்டர் வடக்கே, நீரிணையைத் தாண்டி ஜொகூருக்குள் போய்விடும். செயலியின் அமைப்பில் வடிவத்தை முதலிலேயே மாற்றி வைத்துக்கொண்டு அதன் பிறகு அளவெடுங்கள்.

7. இப்போது கதை எழுதுங்கள்

இடமும் எண்ணும் உறுதியான பிறகு கதை தானாக வரும். ஒரு நிறுத்தத்துக்கு ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். வெயிலில் நின்று போன் திரையில் படிக்கப் போகிறார்கள். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். இங்கே தேடி வருபவர்கள் எல்லா மொழிக்காரர்களும்.

கேள்வியைக் கதைக்குள் புதைக்காதீர்கள். கதை ஒரு பத்தி, கேள்வி தனி வரி. இன்னொன்று, கதைக்குள் வேறு எண்ணே வரக்கூடாது. "நான்கு வயது முறுக்கு மூன்று நாளாகச் சாப்பிடவில்லை" என்று எழுதியிருந்தேன். சோதித்துப் பார்க்க வந்த பையன் நான்கையும் மூன்றையும் குறித்துக்கொண்டு நின்றான். அவன் மேல் தப்பில்லை. எண் தேடி வந்தவர் கண்ணில் எல்லா எண்ணும் துப்புதான்.

முடிவைப் பக்கத்தில் எழுதாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் லாக்புக்கின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். முறுக்கு ஓடிப்போகவில்லை, பழைய வீட்டுக்கு வந்திருக்கிறது, பிடரித் தோலுக்கடியில் உள்ள மைக்ரோசிப்பின் எண்ணைப் படித்துப் பதிவேட்டில் பார்த்தபோது அங்கே இருந்ததும் பழைய முகவரிதான் என்பது அங்கே மட்டும் தெரியும். பெட்டி வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். இவ்வளவு தூரம் நடந்தவருக்கு நாய் என்ன ஆனது என்பதைச் சொல்ல ஒரு இடம் வேண்டும்.

செய்யக் கூடாத இரண்டு. ஒன்று, "நாயைக் காணவில்லை" என்ற சுவரொட்டியைப் பாதையில் ஒட்டுவது. எனக்குத் தெரிந்த ஒருவர் தொலைபேசி எண்ணோடு ஒட்டினார். ஒரு அம்மா உண்மை என்று நம்பி, மாலை முழுக்கத் தேடிவிட்டு அழைத்தார். உண்மையிலேயே நாயைத் தொலைத்தவர்களின் சுவரொட்டியை மக்கள் நம்பாமல் போக இது ஒன்றே போதும். இரண்டு, காப்பகத்துக்கு நன்கொடை கேட்பது, தத்தெடுக்கச் சொல்வது. நல்ல எண்ணம்தான், ஆனால் கேச் பக்கத்தில் பிரசாரமோ நிதி கேட்பதோ கூடாது என்பது விதி. நான் ஒரே ஒரு வரி எழுதியதற்குப் பக்கம் திரும்பி வந்தது.

8. பெட்டி

100 மில்லிலிட்டருக்கு மேல், ஒரு லிட்டருக்குள். நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் ரப்பர் வளையப் பெட்டி நல்லது. வெளியே பெரிதாக "ஜியோகேச்" என்று எல்லாருக்கும் புரியும் மொழியில் எழுதுங்கள். விளையாடாதவர் கையில் கிடைத்தாலும் பயப்பட மாட்டார்.

உள்ளே லாக்புக், பென்சில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். பேனா வேண்டாம், இந்த ஈரப்பதத்தில் மை ஊறிவிடும். மூடியின் மேல் குழி இருந்தால் பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய கையளவு தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

குழந்தைகளுக்கான சின்னப் பொருள்கள் போடலாம். ஒன்றை எடுப்பவர் ஒன்றை வைப்பார். நாய் பிஸ்கட் மட்டும் போடாதீர்கள். எந்த உணவும் கூடாது என்பது விதி, அதோடு புக்கிட் தீமா பக்கம் குரங்குகள் உண்டு. வாசனை பிடித்தால் பெட்டி மிஞ்சாது.

டிராவல் பக் என்று ஒரு பொருள் இருக்கிறது. நாயின் கழுத்துப் பட்டையில் தொங்கும் உலோக வில்லை போலவே இருக்கும், அதில் கண்காணிப்புக் குறியீடு பொறித்திருக்கும். ஒன்று வாங்கி முறுக்கின் பட்டையில் கோத்துப் பெட்டிக்குள் வைத்தேன். எடுப்பவர் அடுத்த ஊர்ப் பெட்டிக்குக் கொண்டுபோவார். நாய் தொடர்ந்து பயணம் போகிறது.

9. வாயை மூடிக்கொண்டு சோதியுங்கள்

இரண்டு குழுக்களை அனுப்புங்கள். ஒன்று விளையாட்டு தெரிந்தவர், இன்னொன்று இதுவரை ஜியோகேச்சே பார்க்காத குடும்பம். நீங்கள் பின்னால் நடந்து போங்கள், எதுவும் சொல்லாதீர்கள்.

எங்கள் புளோக்கில் குடியிருக்கும் அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். இரண்டாவது நிறுத்தத்தில் சின்னவள் திரும்பி, "அங்கிள், கம்பியை எண்ணணுமா, கம்பியை நிறுத்தியிருக்கிற தூணை எண்ணணுமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இரண்டையும் எண்ணி, இரண்டு விடையோடு போனார்கள். அன்று இரவே கேள்வியை மாற்றி, "தரையில் ஊன்றிய தடித்த தூண்கள், இரண்டு முனையையும் சேர்த்து" என்று எழுதினேன். எங்கே நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் நின்ற இடத்தில் தப்பு உங்கள் கேள்வியில்தான்.

10. பக்கத்தை அனுப்புவது

கேச்சின் கடினத்துக்கும் நிலத்துக்கும் 1 முதல் 5 வரை, அரை அரையாக மதிப்பெண் போட வேண்டும். நிலம் 1 என்றால் சக்கர நாற்காலியில் வருபவர் பெட்டிவரை வர முடியும் என்று பொருள். பாதை சமதளமாக இருந்தாலும் பெட்டி சரிவில் இருந்தால் 1 போடாதீர்கள். நம்பி வருபவர் கடைசிப் பத்து மீட்டரில் நின்றுவிடுவார்.

மொத்தத் தூரம், ஆகும் நேரம், தண்ணீர் எடுத்து வர வேண்டும், இடி இடித்தால் திரும்பிவிட வேண்டும், நாயைக் கயிற்றில் பிடித்து அழைத்து வரலாம் என்பவற்றைக் கதைக்கு மேலே போடுங்கள். இலவசக் கணக்கில் அதிகாரபூர்வச் செயலி எல்லா வகைக் கேச்களையும் திறக்காது. வலைத்தளத்திலோ ஆண்ட்ராய்டில் சி:ஜியோ செயலியிலோ பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதினால் பலருக்கு உதவும்.

ரிவ்யூவருக்கான குறிப்பில் அனுமதிக் கடிதம், பெட்டி இருக்கும் விதம், ஒவ்வொரு நிறுத்தத்தின் விடை எல்லாம் சேருங்கள். அவர்கள் தன்னார்வலர்கள். ஒரு வாரம் வரை ஆகலாம். பெட்டியை அதற்கு முன்பே இடத்தில் வைத்திருக்க வேண்டும். வெளியான சில நிமிடங்களில் முதல் ஆளாகக் கண்டுபிடிக்கக் கிளம்புபவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

11. வைத்த பிறகு

முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை. அடுத்தடுத்து இரண்டு பேர் "கிடைக்கவில்லை" என்று பதிவு செய்தால் உடனே போய்ப் பாருங்கள். பாதையில் வேலை நடந்து ஒரு பலகை மறைந்தால், மாற்றுக் கேள்வி தயாராகும்வரை கேச்சைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு மாற்றுக் கேள்வியை முன்பே எழுதி வைத்திருந்தால் அன்று மாலையே திறந்துவிடலாம்.

லாக்புக் நிறைந்ததும் புதியது வைக்க வேண்டியிருக்கும். அப்போது முதல் பக்கத்தை மறக்காமல் மறுபடி எழுதி ஒட்டுங்கள். இரண்டாவது லாக்புக்கில் நான் அதை விட்டுவிட்டேன். மூன்று குடும்பங்கள் முழு வழியும் நடந்து, பெட்டியைத் திறந்து, பெயர் எழுதி, முறுக்கு வீடு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே திரும்பிப் போயின. மூன்று குடும்பத்துக்கும் தனித்தனியே எழுதிச் சொன்னேன்.